பின்வாசலுக்கு ஆறு முதல் ஒன்பது வரை

கேமரா மாட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி, நம் சங்கத்திலிருந்து இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பேச்சுவாக்கில் ஒருவர், "கஸ்டமர் என்ன கேக்குறாகளோ அதச் செஞ்சு குடுத்துட்டு வந்துருவோம்ணே, மத்தது நமக்கெதுக்கு" என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அதே வார்த்தையை நானும் முப்பது வருஷம் சொல்லித் திரிந்தவன்.

ஊக்கம் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது கோபம்தான். அதிலும் முக்கால்வாசி என் மேல் எனக்கிருக்கும் கோபம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரில் கடை வைத்திருந்தேன். டிஷ் ஆன்டெனாவில் தொடங்கி, கேபிள் இழுத்து, கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டி, கடைசியில் கேமராவுக்கு வந்து சேர்ந்தேன். மேகமலை எஸ்டேட் பங்களாவிலிருந்து கம்பத்து ஜவுளிக்கடை வரை நான் மாட்டிய கேமரா இன்னும் ஓடுகிறது. முழங்கால் போனதால் ஏணி ஏற முடியாமல் நிறுத்திக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் போனது உண்மைதான். ஆனால் நிறுத்தியதற்குக் காரணம் காமயகவுண்டன்பட்டியில் ஒரு வீடு.

திராட்சைத் தோட்டக்காரர் வீடு. பெரியவருக்கு எழுபதுக்கு மேல். மனைவி தவறிய பிறகு தனியாக இருந்தார். ஒரே மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவைப் பற்றிய கவலையில் மகன்தான் என்னைக் கூப்பிட்டார். கேமரா மட்டும் போதாதாம். கேமரா, கதவுப் பூட்டு, விளக்கு, சைரன் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பின்னி, ஒரே ஆப்பில் பெங்களூரிலிருந்து பார்க்கவும் இயக்கவும் முடிய வேண்டும் என்றார். அந்தப் பக்கம் அப்படி ஒரு வீடு அதுவரை யாரும் செய்ததில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் வீட்டைக் குடைந்தெடுத்துவிட்டேன்.

பெரியவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. வீட்டுக்குள்ளே கேமரா வைக்கப் போனபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு மறித்தார். "ஏப்பா, நான் வேட்டி மாத்துறதையும் அவன் பெங்களூர்ல இருந்து பாக்கணுமா? வெளிய எங்கன வேணாலும் வையி. உள்ள வச்ச, புடுங்கி எறிஞ்சுருவேன்" என்றார். அதனால் வெளியே மட்டும் நான்கு. முன்வாசல், தெரு, தோட்டத்துப் பக்கம், பின்வாசல்.

அந்தப் பின்வாசல் ராக்கம்மாவின் வாசல். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் வேலை பார்க்கிறவர். காலையில் வந்து மாட்டுக்கொட்டடி கூட்டி, பாத்திரம் தேய்த்து, அந்த அம்மா தவறிய பிறகு பெரியவருக்குக் காபியும் போட்டுக் கொடுத்துவிட்டு, திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குப் போய்விடுவார். முன்வாசல் வழியாக அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் பக்கத்து ஆள் யாரும் கேட்க மாட்டோம், ஏனென்றால் பதில் எல்லோருக்கும் தெரியும். இப்போது "அவர்" என்று எழுதுகிறேனே, அன்றைக்கு என் வாயில் வந்ததெல்லாம் "அந்தப் பொம்பள" தான். மூன்று நாளும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர். பின்வாசல் கேமராவை மாட்டும்போது ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

முகம் ஏற்றும் வேலை வந்தது. வீட்டு ஆட்களின் முகத்தைக் கேமராவுக்குப் பழக்கிவிட்டால் அவர்களைப் பார்த்ததும் கதவு திறக்கும். பழகாத முகம் வந்தால் கதவு பூட்டிக்கொண்டு சைரன் அடிக்கும். மகனிடம், "வீட்டுல மொத்தம் எத்தன பேரு தம்பி?" என்று கேட்டேன். "நாலு பேருண்ணே" என்றார். பெரியவர், மகன், மருமகள், பேத்தி. பெரியவரை நேரில் படம் பிடித்தேன், மற்ற மூன்று முகத்தை மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஏற்றினேன். பிறகு, மணி என்றொரு நாய் உண்டு, அது குறுக்கே போகும்போதெல்லாம் சைரன் அடிக்கக் கூடாதே என்று அதையும் நாலு பக்கம் படம் பிடித்து வீட்டுப் பிராணி என்று பதிந்தேன்.

"அந்த வேலைக்கார அம்மாவ என்ன செய்ய?" என்று கேட்கத்தான் கேட்டேன். "அவுக மூஞ்சியெல்லாம் எதுக்குண்ணே ஏத்திக்கிட்டு. இன்னைக்கி இருப்பாக, நாளைக்கி வேற ஆள் வரும். காலைல எப்ப வர்றாக? ஆறு டு ஒம்போது பின்வாசலுக்கு அலாரத்த ஆஃப் பண்ணி விட்ருங்க, போதும்" என்றார். எனக்கும் அது கெட்டிக்கார யோசனையாகப் பட்டது. ஆறு மணிக்குப் பின்வாசல் பூட்டு தானாகத் திறக்கும். ஒன்பதுக்குத் தானாக விழும். முடிந்தது வேலை.

என்ன செய்திருக்கிறேன் என்று பாருங்கள். மூன்று வருஷம் முன்பு பிறந்த நாய்க்கு அந்த வீட்டில் முகம் உண்டு. இருபது வருஷமாக வரும் ராக்கம்மாவுக்கு முகம் கிடையாது, மூன்று மணி நேரம்தான் உண்டு. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளைக் கீழே குனிந்து பார்த்தபடியே இதைச் செய்தேன். ஒரு நிமிடம்கூட உறுத்தவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

முதல் மாதம் சைரன் தெருவையே உலுக்கியது. மதில்மேல் மயில் வந்து உட்கார்ந்தால் அடிக்கும். கொடியில் காயும் வேட்டி காற்றில் எழும்பினால் அடிக்கும். நான் போய்ச் சரிசெய்வேன், மறுநாள் வேறெதற்காவது அடிக்கும். அந்தத் தெருவுக்கே பழகிவிட்டது. சைரன் கேட்டால், "மயிலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அதையும் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன். பொய்யாக அடிக்கிற சைரன் அந்த வீட்டைச் சுற்றியிருக்கும் காதுகளை எல்லாம் செவிடாக்கிவிடும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ராக்கம்மா கொடுத்த காபி டம்ளரைப் பெரியவர் கை நழுவவிட்டிருக்கிறார். "கை மரத்துப் போச்சு தாயி, ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்ததுல" என்று சிரித்தாராம். ராக்கம்மா துடைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது அந்த டம்ளர் நினைவுக்கு வந்திருக்கிறது. பட்டன் போனிலிருந்து பெரியவருக்கு அடித்தார். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார். கஞ்சியை அப்படியே மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பதித்த எந்தப் பொறிக்கும் தோன்றாதது அந்த ஒருவருக்குத் தோன்றியது.

அப்போது மணி இரண்டு. அதாவது, என் கணக்கில் அவர் ஆளே இல்லாத நேரம்.

கேமரா அவரைப் பார்த்தது. தெரியாத நபர் என்று எழுதிக்கொண்டது. சைரன் அடித்தது. பூட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. அடுப்படி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ராக்கம்மாவுக்குக் கூடத்தில் பெரியவர் தரையில் கிடப்பது தெரிந்திருக்கிறது. கண் திறந்திருக்கிறது, வாய் கோணியிருக்கிறது, ஒரு கை மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

கதவைத் தட்டினார். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினார். கத்தினார். சைரனுக்கு மேல் ஒன்றும் எழும்பவில்லை. தெருவுக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டார். மத்தியான வெயிலில் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தன. முன்வாசலில் கை வைக்க அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி ஓடிவந்து, கரண்ட் போனால் பூட்டு விட்டுவிடும் என்று நினைத்து, பக்கச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே இறக்கினார். என்ன மூளை பாருங்கள். ஆனால் கரண்ட் போனாலும் பூட்டு, கேமரா, சைரன், நெட் எல்லாம் ஓட வேண்டும் என்று பேட்டரி வைத்துக் கொடுத்த மேதாவி நான். பூட்டு அசையவில்லை. மாட்டுக்கொட்டடியிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து நிலைக்கும் கதவுக்கும் நடுவே விட்டு நெம்பத் தொடங்கினார்.

இனி இதையே பெங்களூரில் உட்கார்ந்து பாருங்கள். வேலை நேரமில்லாத நேரத்தில் ஒருத்தி வருகிறாள். ஜன்னலை ஆட்டுகிறாள். தெருவில் ஆள் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். கரண்டை அணைக்கிறாள். கடப்பாரையால் கதவை உடைக்கிறாள். ஒரு உயிரைக் காப்பாற்ற ஓடுகிற ஆள் செய்கிற ஒவ்வொன்றும், மேலேயிருந்து சத்தமில்லாமல் பார்க்கிற கேமராவில், திருட வந்த ஆள் செய்வதாகத்தான் தெரியும். இந்த ஒரு வரியை மட்டுமாவது எங்காவது எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னமனூரில் ஒரு நெல் குடோனில் ஏணி மேல் நின்றேன். மகன் போனில் கத்தினார். "அண்ணே, ராக்கம்மா கதவ ஒடைக்கிறாண்ணே! அப்பா இந்நேரம் கம்பத்துக்குப் போயிருப்பாக, போன எடுக்கல. ஆள் இல்லாத நேரம் பாத்து வந்திருக்கா. எனக்குப் பதட்டத்துல எதத் தட்டுறதுன்னே தெரியல, நீங்க முன்வாசலையும் சேத்துப் பூட்டுங்க. எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்காக."

சர்வீஸுக்கு வேண்டுமென்று அந்த வீட்டுச் சாவியெல்லாம் என் போனிலும் வைத்திருந்தேன். கஸ்டமர் கேட்டார். பூட்டினேன். முன்வாசல், பக்கவாசல், எல்லாம். விரலால் ஒரு தட்டு. பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஏணியில் நின்றுகொண்டு ஒரு வீட்டையே பூட்டிவிட்டேன் என்று ஒரு திமிர்கூட வந்தது. உள்ளே வாய் கோணி ஒரு மனிதர் கிடந்தார்.

அப்புறம்தான் போன் திரையில் அந்த நாய் மணியைப் பார்த்தேன். வாசல் பக்கம் புது ஆள் வந்தால் கடித்துக் குதறுகிற நாய் அது. என் கெண்டைக்காலில் இரண்டு பல் பதித்திருக்கிறது. அது ராக்கம்மா பக்கத்தில் நின்று, கதவை முன்னங்காலால் பிறாண்டிக்கொண்டிருந்தது. பிறாண்டும், அவர் முகத்தைப் பார்க்கும், மறுபடியும் பிறாண்டும். இது திருட்டு இல்லை என்று பட்டது. சைரனை அணைத்தேன்.

சைரன் நின்றதும் குரல் கேட்டது. "ஐயா விழுந்து கெடக்காக... கண்ண முழிச்சுக்கிட்டே கெடக்காக... யாராச்சும் தொறங்கய்யா..." தொண்டை கிழிந்த குரல். எத்தனை நேரமாகக் கத்திக்கொண்டிருந்தாரோ.

அந்த நொடியே நான் பூட்டைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேனா? இல்லை. கஸ்டமரிடம் கேட்க வேண்டுமே! மகனுக்குப் போன் அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. கைக்குள்ளே சாவியை வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்து நின்றேன். அதற்குள் சித்தப்பாவும் இரண்டு ஆட்களும் கொல்லைப் பக்கம் வந்துவிட்டார்கள். வந்த வேகத்தில் சித்தப்பா கடப்பாரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ராக்கம்மாவைக் கன்னத்தில் அறைந்தார். அறையும் கேட்டது. அதற்குப் பிறகு ராக்கம்மா சொன்னதும் கேட்டது.

"என்னைய அப்பறம் அடிங்கய்யா. மொதக் கதவத் தொறங்க."

திறந்தேன். கேமராவின் ஸ்பீக்கரில், "உள்ள போங்கய்யா, பெரியவரு விழுந்து கெடக்காரு!" என்று கத்தினேன். எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். ராக்கம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

பதிவை அப்புறம் பார்த்தேன். முதல் தட்டிலிருந்து கதவு திறந்தது வரை பதினெட்டு நிமிடம். அதில் நான் உத்தரவுக்கு நின்றது மூன்று நிமிடம். பெரியவரைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா" என்று டாக்டர் சொன்னதாக மகன் என்னிடம் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் கோபம் ஆறியிருக்கும். முடியவில்லை. அந்நிய ஆள் வந்தால் சத்தமில்லாத அரை நிமிடப் படத்தை மகன் போனுக்குத் தானாக அனுப்பும்படி நான் அமைத்திருந்தேன். ராக்கம்மா கடப்பாரையால் நெம்புகிற அந்த அரை நிமிடத்தை, விஷயம் தெரிவதற்கு முன்பே, மகன் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அங்கிருந்து ஊருக்குள் போயிற்று. பெரியவர் ஆஸ்பத்திரியில் என்று தெரிந்த பிறகாவது யாராவது அதை எடுத்தார்களா? இல்லை. கதைதான் மாறியது. "ஐயா விழுந்து கெடக்குறதப் பாத்துட்டு, இதான் சமயம்னு உள்ள நொழையப் பாத்திருக்கா" என்றார்கள். திராட்சை அறுப்புக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அவரை மட்டும் விட்டுவிட்டுக் கூப்பிட்டான். அடுத்த தோட்டத்திலும் அதே. ஊர் முழுக்கப் பந்தல் பழுத்துத் தொங்கும் பருவத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை.

மூன்று வாரம் கழித்து ராக்கம்மா டவுன்பஸ் ஏறிச் சின்னமனூருக்கு என் கடைக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"அண்ணே, அந்தப் பொட்டியில சத்தமும் ஏறுமாமே?"

"ஏறும் தாயி."

"அப்ப நான் கத்துனதும் இருக்கும்ல?"

"இருக்கும்."

"அதப் போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். படத்தப் போட்டாகள்ல, சத்தத்தையும் போடட்டும்."

முப்பது நாள் ஆனால் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறும். இன்னும் எட்டோ ஒன்பதோ நாள்தான் இருந்தது. மகனுக்குப் போன் செய்தேன். ராக்கம்மா கேட்டதைச் சொன்னேன். "சித்தப்பா அறையுறதும் அதுல இருக்குல்லண்ணே? கேஸு கீஸுன்னு ஆயிட்டா? ராக்கம்மாவுக்கு ஏதாச்சும் செஞ்சு குடுத்துருவோம். அத மட்டும் அழிச்சுருங்க" என்றார். கெட்டவர் இல்லை அவர். பயந்தவர். பயந்தவர்கள் கையில்தான் நாம் எல்லாச் சாவியையும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

கஸ்டமர் அழிக்கச் சொல்கிறார். முப்பது வருஷம் சொன்ன வார்த்தை என் முன்னால் வந்து நின்றது. கஸ்டமர் யார்? ஆப் யார் கையில் இருக்கிறதோ அவரா, அந்த வீட்டில் கண்விழித்துக் கண்மூடுகிறவரா? இதைத் தொழிலுக்கு வந்த முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன், அறுபதை நெருங்கும்போது கேட்டேன்.

மறுநாள் காலை காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். பெரியவரைக் கூடத்தில் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். சித்தப்பா பக்கத்தில் இருந்தார். நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பதிவைப் பெரியவரின் சொந்தப் போனில் ஏற்றி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

பார்த்தார். சைரன் நின்ற இடத்தில் ராக்கம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பெரியவரின் இடது கை நாற்காலிக் கையைத் தட்டியது. அன்றைக்குத் தரையைத் தட்டியதே, அதே மாதிரி. பிறகு ராக்கம்மா கன்னத்தில் அந்த அறை விழும் சத்தம் கேட்டது. சித்தப்பா எழுந்துவிட்டார்.

"ஏலே, எதுக்கு இத இங்கன கொண்டாந்து காட்டுற? அழிடா அத!"

"இது ஐயா வீட்டுப் படம். ஐயா சொல்லட்டும், அழிக்கிறேன்" என்றேன். போனைக் கீழே இறக்கவில்லை.

"ஐயா, அந்தப் படம் போன குழுவுல இதையும் போடவா?" என்று கேட்டேன். பெரியவர் சித்தப்பாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் இடது கட்டைவிரலை நீட்டினார். நான் காட்டிய இடத்தில் விரல் நிற்கவில்லை, இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை அழுத்திவிட்டார்.

அன்று மாலைக்குள் அதுவும் ஊர் முழுக்கப் போயிற்று. "அட, தப்பா நெனச்சுட்டமே" என்றார்கள். அவ்வளவுதான். கங்காணி மறுவாரம் ராக்கம்மாவைக் கூப்பிட்டான். சித்தப்பா இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பேசியபோது, கூடத்தில் ஆள் விழுந்தால் கண்டுபிடிக்கிற கேமரா ஒன்று வந்திருக்கிறதாமே, அதை மாட்ட முடியுமா என்று கேட்டார். ஆள் விழுந்ததைக் கண்டுபிடித்த ஒருவரை அந்த வீட்டுப் பின்வாசலில் வைத்து அறைந்திருக்கிறோம், மகனுக்கு வேண்டியது இன்னொரு கேமரா! போனை வைத்துவிட்டு, கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் விட்டெறிந்தேன். கடையை மூட முடிவு செய்தது அந்த வாரம்தான்.

மூடுவதற்கு முன் ராக்கம்மாவைத் தேடிப் போனேன். "உன் மொகத்தையும் ஏத்தி விட்டுர்றேன் தாயி. இனிமே எப்ப போனாலும் கதவு தொறக்கும்" என்றேன். பெரிய உபகாரம் செய்யப் போகிற நினைப்பு எனக்கு. திராட்சைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"வேணாம்ணே. இருவது வருசமா பாத்த மூஞ்சி. பொட்டி சொல்லித்தான் தெரியணும்னா, அந்த வீடு எனக்கெதுக்கு? அதுவுமில்லாம, ஒருக்க ஏத்திட்டா, அங்கன எது காணாமப் போனாலும் மொத மொத என் மூஞ்சியத்தான் எடுத்துப் பாப்பாக."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, வீட்டில் எத்தனை பேர் என்று இனிமேல் யாரும் கேட்காதீர்கள். பதில் தப்பாகத்தான் வரும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அந்தக் கதவைத் தொடுகிற கை எத்தனை என்று நின்று பாருங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரவும், அவரைத் தேடி வருபவர் உள்ளே போகவும் மின்சாரமும் ஆப்பும் இல்லாத ஒரு வழி வைக்காமல் ஏணியைத் தூக்காதீர்கள். சாவி கையில் இருக்கும்போது ஒரு உயிர் கூப்பிட்டால், யாருக்கும் போன் அடிக்காதீர்கள். முதலில் திறங்கள். திட்டுவதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

போன மாதம் மகன் கூப்பிட்டார். "அண்ணே, ராக்கம்மா நின்ன பெறகு பின்பக்கமா யாரும் வர்றதில்லையே. அந்த ஆறு டு ஒம்போது எதுக்குச் சும்மா தொறந்து கெடக்கணும்? எடுத்து விட்ருங்க" என்றார். "அப்பாவக் கேளுங்க" என்றேன். கேட்டிருக்கிறார். பெரியவர் நாற்காலிக் கையை ஓங்கித் தட்டிவிட்டாராம். அதனால் அது அப்படியே இருக்கிறது.

பார்க்க வேண்டுமென்று ஒரு நாள் காலையில் போனேன். ஆறு மணிக்குப் பூட்டு விலகும் சத்தம் கேட்டது. பெரியவர் சாடை காட்டி, தன் நாற்காலியை அடுப்படியில், பின்வாசலுக்கு நேராகப் போட வைத்திருக்கிறார். படியில் மணி படுத்திருந்தது. ஏழு மணி வாக்கில் தோட்டத்துப் பாதையில் ராக்கம்மா தூக்குவாளியோடு வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். மணி எழுந்து வாலை ஆட்டியது. பெரியவர் இடது கையைத் தூக்கினார். ராக்கம்மா திரும்பவில்லை. அவர் ஏன் திரும்ப வேண்டும்? அலாரம் அடிக்காத நேரம்தான், ஆனாலும் அந்த வீட்டோடு இன்னும் சேர்ந்திருக்கும் என் போன் மட்டும் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்வாசல், ஏழு மணி இரண்டு நிமிடம், தெரியாத நபர் என்று எழுதியிருந்தது.